வெள்ளித் தகட்டின் கீழே உள்ள வளைவு

(ஆலயத் தொண்டர்களுக்கான மரவேலைப் பயிலரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று எனக்குக் கொடுக்கப்பட்டுள்ள தலைப்பு, வளைந்த மரவேலைக்கு ஏற்ற இழைப்புளியைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்பதாகும். திருக்கோயில் மேடையில் இழைப்புளிக்கு என்ன வேலை என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். அந்த ஐயத்தை முதலில் போக்கிவிட்டு மேலே செல்ல விரும்புகிறேன்.

பினாங்குத் தைப்பூசம் என்றதும் நம் கண்முன் நிற்பது நகரத்தார் பெருமக்களின் வெள்ளி இரதம். காரைக்குடியில் செய்யப்பட்டு, 1894-ஆம் ஆண்டில் கப்பலேறி இங்கு வந்து சேர்ந்த இரதம் அது. பினாங்கு வீதியிலுள்ள கோயில் வீட்டிலிருந்து தண்ணீர்மலைப் பாதையில் அது புறப்பட்டு வரும்போது, வழிநெடுகத் தேங்காய் உடைத்து வரவேற்கிறோம். 2017-ஆம் ஆண்டு முதல், மலைமேல் கோயில் கொண்டுள்ள அருள்மிகு பாலதண்டாயுதபாணி ஆலயத்தின் தங்க இரதமும் தைப்பூச வீதியுலாவில் பவனி வருகிறது. பார்க்கின்ற கண்களுக்கு வெள்ளியும் தங்கமும் தெரிகின்றன. ஆனால் அன்பர்களே, வெள்ளி இரதத்தின் வெள்ளி என்பது மேலே போர்த்திய தகடுதான். அதைத் தாங்கி நிற்பது மரம்.

தகடு மெல்லியது. கீழே உள்ள மரம் எப்படியோ, மேலே உள்ள தகடும் அப்படியே. மரத்தில் ஒரு சிறு மேடு இருந்தால் அது தகட்டிலும் மேடாகத் தெரியும். வளைவு ஓரிடத்தில் முறிந்திருந்தால், விளக்கொளி பட்டதும் அந்த முறிவு பளிச்சென்று காட்டிக்கொடுத்துவிடும். தட்டான் எவ்வளவு வல்லவராக இருந்தாலும், தச்சன் விட்ட குறையை அவரால் மறைக்க இயலாது. இதனால்தான் வளைவை உருவாக்கும் கருவியைப் பற்றி இந்த மேடையில் பேசுவது பொருத்தமே என்று கருதுகிறேன்.

நம் ஆலயப் பொருள்களைச் சற்று நினைத்துப் பாருங்கள். இறைவனுக்குப் பின்னால் நிற்கும் திருவாசி ஒரு வளைவு. காவடியின் மேல் வில் ஒரு வளைவு. மரத்தேரின் சக்கரம் முழுவதுமே வளைவு. மயில் வாகனத்தின் கழுத்து ஒரு பக்கம் உட்குழிந்து, மறுபக்கம் வெளியே புடைத்து, நடுவில் திரும்பும் இரட்டை வளைவு. நேரான பலகையை இழைக்கத் தெரிந்தவர் நம்மிடையே பலர் உண்டு. வளைவை இழைக்கத் தெரிந்தவர் மிகச் சிலரே. அந்தச் சிலரை நம்பித்தான் நம் வாகனங்கள் நிற்கின்றன.

சரி, வளைவுக்கு எந்த இழைப்புளி? கடைக்குப் போகுமுன் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ள வேண்டும். வளைவு வெளியே புடைத்ததா, உள்ளே குழிந்ததா? எவ்வளவு பெரிய வட்டத்தின் பகுதி அது? தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே வட்டமா, அல்லது மாறிக்கொண்டே போகும் வளைவா? இந்த மூன்றுக்கும் விடை தெரிந்தால், பாதிப் பணத்தை மிச்சப்படுத்தலாம்.

முதலில் வெளியே புடைத்த வளைவு. சக்கரத்தின் வெளிவிளிம்பு, திருவாசியின் மேல்விளிம்பு ஆகியவை இந்த வகை. இதற்குத் தனிக் கருவி எதுவும் தேவையில்லை என்று சொன்னால் வியப்பாக இருக்கும். உங்கள் வீட்டிலுள்ள தட்டையான சிறிய இழைப்புளியே போதும். புடைத்த பரப்பின் மேல் தட்டையான அடிப்பாகம் ஓரிடத்தில்தான் தொடும். அந்த இடத்தில் அலகு இருக்குமாறு, வளைவைப் பின்பற்றிக் கையைச் சாய்த்துக்கொண்டே போனால் சீவல் அழகாக வரும். கைக்குப் பழக்கம் வேண்டும், அவ்வளவுதான்.

உள்ளே குழிந்த வளைவுதான் உண்மையான சோதனை. தட்டையான இழைப்புளியைக் குழிவில் வைத்தால் முன்நுனியும் பின்நுனியும் மட்டும் மரத்தில் உட்காரும். நடுவில் இருக்கும் அலகு அந்தரத்தில் தொங்கும். எவ்வளவு உயரத்தில் தொங்கும் என்பதைக் கணக்கிட ஓர் எளிய வழி உண்டு. இழைப்புளியின் நீளத்தை அதே நீளத்தால் பெருக்குங்கள். வட்டத்தின் நடுவிலிருந்து விளிம்பு வரையுள்ள ஆரத்தின் எட்டு மடங்கால் அதை வகுத்துவிடுங்கள். கிடைப்பதே இடைவெளி.

ஓர் எடுத்துக்காட்டு. 900 மில்லிமீட்டர் ஆரமுள்ள உள்வளைவில், 250 மில்லிமீட்டர் நீளமுள்ள சாதாரண இழைப்புளியை வைக்கிறோம். இடைவெளி ஏறக்குறைய 8.7 மில்லிமீட்டர். அலகை அவ்வளவு வெளியே நீட்டி யாரும் இழைக்க முடியாது. 150 மில்லிமீட்டர் நீளமுள்ள சிறியதை வைத்தாலும் 3 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி. இப்போது 25 மில்லிமீட்டர் அடிப்பாகம் மட்டுமே உள்ள ஒரு கருவியை வைத்துப் பாருங்கள். இடைவெளி 0.09 மில்லிமீட்டராகக் குறைந்துவிடுகிறது. அது ஒரு மெல்லிய சீவலின் கனம். அலகைச் சற்றே நீட்டினால் மரத்தைத் தொட்டுவிடும்.

அந்த 25 மில்லிமீட்டர் கருவிதான் ஸ்போக்‌ஷேவ் எனப்படும் இரு கைப்பிடி இழைப்புளி. நடுவில் ஒரு சிறிய அலகு. இரு பக்கமும் பறவையின் சிறகுகளைப் போலக் கைப்பிடிகள். சக்கரத்தின் ஆரக்காலைச் சீவுவதற்காக ஏற்பட்டதால் ஆங்கிலத்தில் அந்தப் பெயர் வந்தது. நம் மாட்டுவண்டிச் சக்கரத்தின் குடம், ஆரக்கால், வட்டை ஆகியவற்றை அறிந்த மூத்தவர்களுக்கு அதன் பயன் உடனே விளங்கும். இதில் தட்டையான அடி உள்ளது ஒன்று, உருண்ட அடி உள்ளது ஒன்று என இருவகை உண்டு. பெரிய வட்டங்களுக்குத் தட்டையானது போதும். அதே கணக்கைக் கையளவு வளைவுக்கு, அதாவது 100 மில்லிமீட்டர் ஆரத்துக்குப் போட்டுப் பாருங்கள், இடைவெளி 0.8 மில்லிமீட்டரை நெருங்கிவிடும். அங்கே உருண்ட அடி உள்ளதுதான் உதவும். ஆனால் புதிதாகப் பழகுபவர் கையில் உருண்ட அடி சற்றுத் துள்ளும். ஆகவே, தட்டையானதில் கைப்பழக்கம் வந்த பிறகே மற்றதைத் தொடுவது நல்லது.

அடுத்தது, வளைவுக்கென்றே செய்யப்பட்ட இரும்பு இழைப்புளி. ஆங்கிலத்தில் காம்பஸ் பிளேன் என்பார்கள். இதன் அடிப்பாகம் கனமான வார்ப்பு அல்ல. மெல்லிய, வளைந்து கொடுக்கும் எஃகுத் தகடு. மேலே உள்ள திருகைத் திருப்பினால் அந்தத் தகடு வெளியே புடைக்கும், அல்லது உள்ளே குழியும். ஒரே கருவி இருவகை வளைவுக்கும் பயன்படும். அமெரிக்காவின் ஸ்டான்லி நிறுவனம் 113, 20 என்ற எண்களிலும், இங்கிலாந்தின் ரெக்கார்டு நிறுவனம் 020 என்ற எண்ணிலும் இவற்றைச் செய்துவந்தன. அந்த வகைகள் இப்போது புதிதாக வருவதில்லை. பழைய பொருளாகத்தான் கிடைக்கும்.

இதைப் பொருத்துவதில் ஒரு நுட்பம் உண்டு. வளைவின் அட்டை வார்ப்பின்மேல் இழைப்புளியை வைத்து, தகடு அதனோடு ஒட்டும்வரை திருகைத் திருப்புங்கள். பிறகு உள்வளைவுக்கானால், தகட்டை இன்னும் சற்றே புடைக்க விடுங்கள். வெளிவளைவுக்கானால், சற்றே தட்டையாக்குங்கள். அப்போதுதான் அலகு மரத்தைத் தொடும். வளைவோடு வளைவாக மிகச் சரியாகப் பொருத்தினால் சில நேரம் வெட்டாமல் வழுக்கிக்கொண்டே போகும்.

இந்தக் கருவியின் பெருமை என்னவென்றால், நீண்ட வட்ட வளைவை மேடுபள்ளமின்றி ஒரே ஓட்டத்தில் தரும். திருவாசிக்கும் சக்கர வட்டைக்கும் இதைப்போல் வேறில்லை. இதன் குறை என்னவென்றால், ஒரே வட்டமாக இருந்தால்தான் பயன்படும். மயிலின் கழுத்தைப் போல மாறிக்கொண்டே போகும் வளைவில் இதனால் ஒன்றும் செய்ய முடியாது. அங்கே ஸ்போக்‌ஷேவும், குழிந்த உளியும், மர அரமும்தான் துணை. விலை உயர்ந்த கருவி எல்லா வேலைக்கும் உயர்ந்த கருவி ஆகிவிடாது என்பதை நன்கொடையாளர்கள் மனத்தில் கொள்ள வேண்டும்.

மூன்றாவதாக, மரத்தாலான இழைப்புளி. நம் ஜார்ஜ்டவுனில் சீனத் தச்சர்கள் பயன்படுத்திவந்த இழைப்புளியைப் பார்த்திருப்பீர்கள். மரக்கட்டையின் குறுக்கே ஒரு கைத்தண்டு செருகியிருக்கும். இரு கையாலும் அதைப் பிடித்து முன்னே தள்ளுவார்கள். லவ் லேனில் உள்ள லூ பான் ஹோங், தச்சர்களின் தெய்வமாகிய லூ பானுக்கு எழுப்பப்பட்ட ஆலயம். நமக்கு விஸ்வகர்மா எப்படியோ, அவர்களுக்கு லூ பான் அப்படி. மலாய்க்காரர்கள் இழைப்புளியைக் 'கெத்தாம்' என்கிறார்கள். நண்டுக்கும் அதே பெயர்தான். இந்த ஊரில் மூன்று மொழிக்காரர்களும் ஒரே மரத்தைத்தான் இழைத்திருக்கிறார்கள்.

மரத்தாலானதில் ஒரு வசதி உண்டு. பழைய இழைப்புளி ஒன்றின் அடியை, தேவையான வளைவுக்கு நீங்களே சீவி உருண்டையாக்கிக்கொள்ளலாம். அடி தேயும்போது அலகு வெளிவரும் வாய் அகன்றுவிடும். வாய் அகன்றால் மரம் பிய்யும். ஆகவே அலகுக்கு முன்னால் கெட்டி மரத்துண்டு ஒன்றைப் பதித்து வாயைக் குறுக்க வேண்டும். ஒரு குறிப்பிட்ட வாகனத்துக்கு, ஒரு குறிப்பிட்ட வளைவுக்கு, குறைந்த செலவில் கருவி வேண்டுமானால் இதுவே சிறந்த வழி.

கருவி கையில் வந்துவிட்டது. எந்தப் பக்கம் தள்ளுவது? நேர்ப் பலகையிலிருந்து வளைவை அறுத்தெடுக்கும்போது, மரத்தின் நார் வளைவோடு சேர்ந்து வளைவதில்லை. அது நேராகவே ஓடுகிறது. எனவே வளைவில் ஒரு பாதிக்கு நார் ஒத்துவரும், மறுபாதிக்கு எதிர்த்து நிற்கும். இதற்கு விதி எளியது. மழைநீர் எந்தப் பக்கம் ஓடுமோ அந்தப் பக்கம் இழையுங்கள். வெளியே புடைத்த வளைவில் உச்சியிலிருந்து இரு பக்கமும் கீழே இறங்குங்கள். குழிந்த வளைவில் இரு முனைகளிலிருந்தும் நடுப்பள்ளத்தை நோக்கி இறங்கி, அங்கே நிறுத்திவிடுங்கள். பள்ளத்தைத் தாண்டி மேலே ஏறினால் அலகு நாரின் அடியில் புகுந்து பிய்த்தெடுத்துவிடும். பல மணி நேர உழைப்பு ஒரு தள்ளில் கெட்டுப்போகும்.

இந்த விதியும் சில மரங்களிடம் முழுமையாகச் செல்லாது. தேக்கும் வேங்கையும் தமிழகத்து மரவேலைக்குப் பேர்போனவை. இங்கே நமக்குக் கிடைப்பவை பாலாவ், மெர்பாவ், மெராந்தி, ஜெலுத்தோங் போன்றவை. ஜெலுத்தோங் மென்மையானது; ஒரு கனமீட்டர் ஏறக்குறைய 460 கிலோதான் இருக்கும். நார் நேராகவும் சீராகவும் ஓடுவதால் செதுக்குவதற்கு ஏற்றது. பழகுவோருக்கு இதைவிட நல்ல மரம் இல்லை. மெர்பாவ் அப்படியல்ல. ஏறக்குறைய 800 கிலோ. நார்கள் ஓர் அடுக்கு வலப்பக்கமும் அடுத்த அடுக்கு இடப்பக்கமுமாகப் பின்னிக் கிடக்கும். எந்தப் பக்கம் தள்ளினாலும் எங்கோ ஓரிடத்தில் எதிர்க்கும்.

அத்தகைய மரத்துக்கு மூன்று வழிகள் உண்டு. அலகை மிகக் கூர்மையாகத் தீட்டி, சீவலை மிக மெல்லியதாக எடுப்பது முதல் வழி. சாதாரண இழைப்புளியில் அலகு 45 பாகைச் சாய்வில் இருக்கும். அதைவிடச் செங்குத்தாக, 55 பாகை அளவில் அலகு நிற்கும் கருவியைத் தேர்வது இரண்டாவது வழி. தள்ளுவதற்குக் கடினம், ஆனால் பிய்க்காது. கடைசியாகச் சுரண்டு தகட்டால் சுரண்டி முடிப்பது மூன்றாவது வழி. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று ஒரு பழமொழி உண்டு. மழுங்கிய அலகை வைத்துக்கொண்டு மரத்தைக் குறை சொல்பவருக்கும் அது பொருந்தும்.

இவ்வளவு தொல்லை எதற்கு, இயந்திரம் இருக்கிறதே என்று இளைஞர்கள் கேட்பது காதில் விழுகிறது. நியாயமான கேள்விதான். புதிதாகப் பத்துத் துண்டுகளை ஒரே அளவில் செய்ய வேண்டுமானால் இயந்திரமே சிறந்தது. பட்டை இரம்பத்தால் அறுத்து, வார்ப்பு வைத்து ரௌட்டரால் வெட்டினால் விரைவில் முடியும். ஆனால் நம் ஆலயங்களில் வரும் வேலை பெரும்பாலும் புதியது அல்ல, பழுது பார்ப்பது. எண்பது ஆண்டு நின்ற வாகனத்தில் ஒரு கையளவு மரம் உளுத்துப்போயிருக்கும். அந்த இடத்தை மட்டும் வெட்டியெடுத்து, புதுத் துண்டைப் பொருத்தி, பழைய வளைவோடு தெரியாமல் சேர்க்க வேண்டும். பழைய கைவேலை எந்த இரு பக்கமும் ஒன்றுபோல் இருக்காது. அந்த வளைவுக்கு அளவுகோல் அந்த வாகனம்தான். இயந்திரம் அதை அறியாது, கை அறியும்.

பழைய வாகனத்தைத் தொடுமுன் சில எச்சரிக்கைகள். முதலாவது, ஆலயக் குருக்களைக் கலந்து, செய்ய வேண்டிய முறைகளைச் செய்த பிறகே வேலையைத் தொடங்குங்கள். இரண்டாவது, ஆணிகள். தகடு அறைந்த மரத்தில் கண்ணுக்குத் தெரியாத சிற்றாணிகள் முறிந்து கிடக்கும். இரும்பாணியைக் காந்தம் காட்டிக்கொடுக்கும். பித்தளை, செப்பு ஆணிகளைக் காட்டாது. ஆகவே விரலாலும் கண்ணாலும் அங்குலம் அங்குலமாகத் தேடுங்கள். ஓர் ஆணியில் மோதினால் அலகின் முனை பல் விழுந்துவிடும். மூன்றாவது, பழைய வண்ணப் பூச்சில் ஈயம் கலந்திருக்கக்கூடும். அதை உரசித் தூசியாக்காமல், முகக்கவசம் அணிந்து, ஈரப்படுத்திச் சுரண்டியெடுங்கள். குழந்தைகளை அருகில் விடாதீர்கள்.

வேலை சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க விலையுயர்ந்த கருவி வேண்டாம். விளக்கை ஒரு பக்கத்தில் தாழ்வாக வைத்து, மறுபக்கத்திலிருந்து பாருங்கள். மேடுகள் நிழலாகத் தெரியும். பிறகு கண்ணை மூடிக்கொண்டு விரல்நுனியால் மெதுவாகத் தடவுங்கள். கண்ணுக்குத் தப்பியதை விரல் கண்டுபிடித்துவிடும்.

இனி வாங்குவதைப் பற்றி. ஓர் ஆலயத்துக்குத் தொடக்கத்தில் நான்கு பொருள்கள் போதும்: தட்டையான சிறிய இழைப்புளி ஒன்று, தட்டை அடி ஸ்போக்‌ஷேவ் ஒன்று, உருண்ட அடி ஸ்போக்‌ஷேவ் ஒன்று, நல்ல தீட்டுக்கல் ஒன்று. இவற்றில் தீட்டுக்கல்லுக்குத்தான் முதலிடம். திருவாசியோ சக்கரமோ செய்யும் நிலை வரும்போது மட்டும் காம்பஸ் பிளேன் தேடுங்கள். லோரோங் கூலிட் போன்ற பழம்பொருள் சந்தையில் பழையது கண்ணில் பட்டால், அடித்தகட்டை முழுதும் ஒரு பக்கம் வளைத்து, பிறகு மறுபக்கம் வளைத்துப் பாருங்கள். சீராக வளைய வேண்டும். ஓரிடத்தில் மடிந்து முறிந்திருந்தால் விட்டுவிடுங்கள். தகட்டின் இரு முனைகளும் உடலோடு சேரும் இடத்தில் விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். மேலே துருப்பிடித்திருந்தால் பரவாயில்லை. அடியிலும் அலகின் பின்புறத்திலும் துரு குழி விழுந்திருந்தால் வேண்டாம்.

நம் பினாங்குக் கடற்காற்று இரும்பின் பகைவன். வேலை முடிந்ததும் துடைத்து, தையல் இயந்திர எண்ணெய் சிறிது தடவி, துணியில் சுற்றி வையுங்கள். பெட்டிக்குள் ஒரு கற்பூரக் கட்டி போட்டு வைப்பாரும் உண்டு.

நன்கொடையாளப் பெருமக்களே, நிறைவாக உங்களிடம் ஒரு விண்ணப்பம். வெள்ளித் தகட்டுக்குக் கொடுப்பவர் பெயர் கல்வெட்டில் இடம்பெறும். தீட்டுக்கல்லுக்குக் கொடுப்பவர் பெயர் எங்கும் இடம்பெறாது. ஆயினும், தகட்டைப் புதுப்பிக்க எத்தனை முறை பணம் திரட்டினாலும், கீழே உள்ள மரத்தைப் பார்க்க ஆளில்லை என்றால் அந்தப் பணம் நிலைக்காது. பழுதுபட்ட வாகனத்தை ஓரமாகத் தள்ளிவிட்டு, கடல் கடந்து புதிது வரவழைப்பது எளிது. அப்படி ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டால், நம் முன்னோர் கைபட்ட வளைவுகள் ஒன்றன்பின் ஒன்றாக மறைந்துவிடும். தமிழகத்திலிருந்து வரும் தச்சர்கள் வேலை முடிந்ததும் ஊர் திரும்பிவிடுகிறார்கள். அவர்கள் இங்கே இருக்கும் நாள்களில், நம் இளைஞர் இருவர் அவர்கள் பக்கத்தில் நின்று கற்றுக்கொள்ள வேண்டாமா? அந்த இளைஞர்களுக்கு ஒரு சிறு உதவித்தொகை, ஒரு கருவிப் பெட்டி, பழக ஜெலுத்தோங் பலகை சில. இவ்வளவுதான் கேட்கிறேன்.

இரதம் அடுத்த தைப்பூசத்துக்கும் ஓட வேண்டும். நம் பேரப்பிள்ளைகளின் தைப்பூசத்துக்கும் ஓட வேண்டும். அதற்கு வேண்டியவை பக்தியும், பொருளும், தேர்ந்த கைகளும். முதல் இரண்டும் நம்மிடம் குறைவின்றி உள்ளன. மூன்றாவதை இன்றே வளர்க்கத் தொடங்குவோம்.

 எல்லாம் வல்ல முருகப் பெருமான் அருளால் அனைவரும் நலமுடன் வாழ்க.